ஐந்தாம் பின்

சாதாரண ஆப்-ஆம்பில் ரெசிஸ்டர் போட்டு பெருக்கத்தை முடிவு செய்துவிட்டால் அதோடு சரி. சிஏ3080 என்ற ஓடிஏ வேறு ஜாதி. அதன் ஐந்தாம் பின்னுக்குள் விடும் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் பெருக்கமும் இரட்டிப்பாகும்.

1983இல் மைக் ஒலியைத் தானாகச் சமன்செய்யும் சர்க்யூட் ஒன்று செய்துகொண்டிருந்தோம். பேசுபவர் கத்தினால் குறைய வேண்டும், முணுமுணுத்தால் கூட வேண்டும். கூட வேலை பார்த்த தம்பி ரிச்சி தெருவில் அலைந்து, கைக்காசு போட்டு ஒரே ஒரு ஐசி வாங்கி வந்தார். உள்ளே போகும் சிக்னல் 10, 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஒலி சிதையும். அதைச் சரியாகத்தான் குறைத்து வைத்திருந்தார்.

அவர் டீ குடிக்கப் போன நேரம். கன்ட்ரோலின் நடு முனையை நேராக ஐந்தாம் பின்னில் கொடுத்தேன். இடையில் 33கே ரெசிஸ்டர் இருந்திருக்க வேண்டும். அந்தப் பின் நெகட்டிவ் சப்ளையைவிட சுமார் 0.7 வோல்ட்தான் மேலே நிற்கும். தாங்குவது 2 மில்லியாம்பியர். குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். ஸ்பீக்கர் ஊமையானது.

“டூப்ளிகேட் பீஸ் போல இருக்கு தம்பி.”

“அப்படியா சார்? கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை இன்னொன்று வாங்கி வந்தார். அதற்கு முன்பே 33கேயை நான் சால்டர் செய்து வைத்திருந்தேன். எவ்வளவு ஆச்சு என்று கேட்கவில்லை.