புள்ளி வைப்பவர்கள்

மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடைகளைத் தாண்டிச் சித்திரக்குளத்தை நோக்கி நடந்தால், இரண்டு பழைய ஓட்டு வீடுகளுக்கு நடுவே, வாசலில் பலகைகள் சார்த்திவைக்கப்பட்ட ஒரு நீண்ட கூடம் தென்படும். அதற்குள் காலடி வைத்த மாத்திரத்திலேயே, அக்ரிலிக் தகடு அறுபடும் போது எழுகிற தித்திப்பான நெடியும், பசையின் காரமும், வெகு நாட்களுக்கு முன் சிந்திய எனாமல் பெயிண்டின் மிச்ச வாசனையும் ஒருங்கே நாசியை வந்தடையும். கபாலீசுவரர் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கிற இந்தப் பட்டறைக்கு, ஒரு தொலைக்காட்சி ஸ்தாபனம் கைமாறினால் அதன் பெயர் எவ்வாறு மாற்றப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் நான் போனேன். கைமாற்றத்தைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். இத்தனை விழுக்காடு பங்கு, இத்தனை கோடி ரூபாய் என்று கணக்கும் சொல்லுகிறார்கள். ஆனால் பழைய பெயரை இறக்கிப் புதிய பெயரை ஏற்றுகிற கைகளைப் பற்றி எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பட்டறையை நடத்துகிறவருக்கு எழுபது வயதிருக்கும். பையன்கள் அவரை ‘மாஸ்டர்’ என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பதினைந்தாவது வயதில் தூரிகை பிடித்தவர். 1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து, யானைத் துதிக்கை போல் வளைந்திருந்த பழைய ணை, லை, னை, ளை ஆகியவற்றுக்கும் சுழித்தெழுதிய ணா, றா, னா ஆகியவற்றுக்கும் இன்றைய வடிவங்களை விதித்தபோது, பாதி எழுதி முடித்திருந்த பலகைகளை அழித்து மறுபடி எழுதியதை அவர் நேற்று நடந்தது போல வருணித்தார். “கை பழைய லையையே போடும் சார். மனசு ‘வேண்டாம்’னு சொல்லும், கை கேக்காது. ஆறு மாசம் ஆச்சு அடங்க” என்றார். ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்து கையால் எழுதும் தொழிலைத் துடைத்தெறிந்த காலத்தில், சகாக்கள் பலர் வேறு பிழைப்பைத் தேடிப் போக, இவர் மட்டும் கடன் வாங்கி வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டு, தூரிகையில் கற்ற எழுத்தறிவை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்.

அன்று மேஜைமேல் கிடந்தவை ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் புதிய பெயருக்கான எழுத்துகள். அதன் பெயரை வெளியிடுவது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியால் இங்கே நான் அதைக் குறிப்பிடவில்லை. பக்கவாட்டில் தகடு மடித்து, முகப்பில் அக்ரிலிக் பொருத்தி, உள்ளே எல்இடி விளக்குகள் வைத்த இவ்வகை எழுத்துக்குத் தொழிலில் ‘சேனல் லெட்டர்’ என்றே பெயர். தொலைக்காட்சிச் சேனலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தகடு வாய்க்கால் போல் மடிக்கப்படுவதால் வந்த பெயர். ஆங்கில எழுத்துகள் முன்னமே முடிந்து வரிசையாக நின்றன. தமிழ் எழுத்துகளுக்குத்தான் மாஸ்டர் இரண்டு நாளாகக் குனிந்த தலை நிமிராமல் உழைத்துக்கொண்டிருந்தார். காரணத்தைக் கேட்டபோது, ஒரு சின்னஞ்சிறு வட்டத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். புள்ளி.

“இது தனி உசுரு சார். எழுத்தோட ஒட்டாது.”

அவர் சொன்னதன் முழு அர்த்தம் சிறிது நேரம் உடனிருந்து பார்த்த பிறகே எனக்கு விளங்கிற்று. எழுத்தின் உடல் பெரியது; நான்கைந்து திருகாணிகளில் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும். புள்ளியோ உடலைத் தொடாமல் மேலே அந்தரத்தில் மிதக்க வேண்டியது. ஆகவே அதற்கென்று தனியாக ஒரு துளை, ஒரு ஆணி, ஒரு விளக்கு, அந்த விளக்குக்குப் பின்புறமாகச் செல்லும் ஒரு கம்பி ஆகிய அனைத்தும் வேண்டும். ஒரேயொரு விளக்கு மட்டுமே உள்ளே கொள்ளுமாதலால், உடலின் பிரகாசத்துக்குச் சமமாகப் புள்ளி ஒளிர, அதன் முகப்புக்கு மெல்லிய தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் முதலில் விழுவதும் அதுவே. பல வருஷங்களுக்கு முன், ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் தாம் பொருத்திய பலகையில் மழைக்காலத்து இரவொன்றில் ஒரு புள்ளி விழுந்துவிட, மெய் உயிர்மெய்யாகிப் பெயரே வேறாக நின்றதையும், விடியும் முன் ஏணியோடு ஓடியதையும் அவர் சொன்னபோது குரல் தாழ்ந்தது. அது முதற்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு புள்ளிகள் அதிகமாகச் செய்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுவைக்கிறார். அந்தப் புட்டியைப் பார்த்தேன். சிவப்பு, நீலம், பொன்னிறம், வெண்மை என்று எத்தனையோ நிறுவனங்களின் புள்ளிகள் அதில் கிடந்தன.

மெய் புள்ளி பெற்று நிற்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஓலையில் எழுதிய முன்னோர், எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடுமே என்ற அச்சத்தால் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, படிப்பவருடைய அறிவுக்கே அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அச்சு யந்திரம் வந்தபின் புள்ளி தன் ஸ்தானத்தை மீட்டுக்கொண்டது. இப்போது எஃகுத் தகட்டிலும் மின் விளக்கிலும் அதற்கு மறுபடியும் சோதனை வந்திருக்கிறது. அதைக் காப்பாற்றுகிறவர்கள் சித்திரக்குளத்தருகே ஒரு கூடத்தில் இருக்கிறார்கள்.

ஊடகங்கள் கைமாறுவது நம் ஊருக்குப் புதிதன்று. 1930-இல் சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒலிபரப்பு நடத்தத் தொடங்கி எட்டு வருஷம் நடத்திற்று. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலி தன் சென்னை நிலையத்தைத் திறந்ததும் மாநகராட்சியின் குரல் அடங்கிவிட்டது. அந்த வானொலி நிலையம் பிற்பாடு மயிலாப்பூர்க் கடற்கரையோரத்துக்கு வந்து இன்றளவும் அங்கேயே இருக்கிறது. தொலைக்காட்சியில் நம்மவர் யாவரும் அறிந்த உதாரணம் விஜய். 1994-இல் என். பி. வி. ராமசாமி உடையார் ‘கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன்’ என்ற பெயரில் தொடங்கிய அலைவரிசை, விஜய் மல்லையாவின் கைக்குப் போனபோது ‘விஜய்’ ஆயிற்று. பிறகு யூடிவியின் கைக்குச் சென்று, 2001-இல் ஸ்டார் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியபோது ‘ஸ்டார் விஜய்’ ஆயிற்று. ஹாங்காங்கிலிருந்து 1991-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஸ்டார், ஆசிய வட்டாரத்துச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர். அது நட்சத்திரமாகவும் பொருள்பட்டது அந்தப் பெயரின் அதிர்ஷ்டம். அந்த நிறுவனமும் கைமாறியது: 2019-இல் டிஸ்னியிடம் போய், 2024 நவம்பரில் ரிலையன்ஸுடன் இணைந்து இன்று ‘ஜியோஸ்டார்’ என்று வழங்குகிறது. ஆனால் எங்கள் தெருவில் மாலை வேளைகளில் பாட்டிமார்கள் கேட்பது “விஜய் டிவி வையேன்” என்றுதான். கால் நூற்றாண்டாக முன்னால் நின்ற நட்சத்திரத்தைத் தமிழ் நாக்கு ஏற்கவில்லை. தனி மெய்யெழுத்தும், ரகர லகர வரிசைகளும் சொல்லுக்கு முதலாகா என்பது நம் மொழியின் பழைய சுபாவம். லோகத்தை உலோகமாகவும், ரங்கநாதரை அரங்கநாதராகவும் ஆக்கிக்கொண்ட நாக்கு, ஸ்டாரை ‘இஸ்டார்’ ஆக்கும், அல்லது சும்மா விட்டுவிடும். இதே நிறுவனம் 2008-இல் கேரளத்தில் ஏசியாநெட்டுடன் கூட்டுச் சேர்ந்தபோது அந்தப் பெயரின் முன்னால் எதையும் ஒட்டவில்லை. தெலுங்கில் வாங்கிய மா தொலைக்காட்சியை 2017-இல் ‘ஸ்டார் மா’ ஆக்கியது. எந்த ஊரில் எது ஒட்டும் என்பதை முன்கூட்டி அறிவது சுலபமன்று போலும்.

எனக்குச் சொந்தமாக வருத்தம் தந்த பெயர்மாற்றம் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னையில் தொடங்கிய தூர்தர்ஷன் நிலையத்தின் தமிழ் அலைவரிசைக்கு 2000-ஆம் ஆண்டில் ‘பொதிகை’ என்று பெயர் வந்தது. அகத்தியர் வாசம் செய்த மலை, தாமிரபரணி பிறக்கும் மலை. மராத்திக்குச் சஹ்யாத்ரி, குஜராத்திக்குக் கிர்நார், தெலுங்குக்குச் சப்தகிரி என்று தூர்தர்ஷன் மலைகளின் பெயரைச் சூட்டியபோது நமக்குக் கிடைத்த மலை அது. 2024 ஜனவரி 19-ஆம் தேதி, சென்னையில் கேலோ இந்தியா விளையாட்டுகளைத் தொடங்கிவைத்த மேடையிலிருந்து பிரதம மந்திரி அந்த அலைவரிசையை ‘டிடி தமிழ்’ என்ற புதிய பெயரில் துவக்கிவைத்தார். மொழியின் பெயரே கிடைத்துவிட்டபோது மலைக்காக ஏன் வருந்த வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். மொழியின் பெயர் நமக்கு எங்கும் இருக்கிறது. அந்த மலையின் பெயரை நாள்தோறும் ஒரு கோடியில் வைத்திருந்த திரை அது ஒன்றே. மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் தம் தொழிலின் கண்ணால் அதைப் பார்த்தார்: “பொதிகைல புள்ளியே கிடையாது சார். மழைக்கு விழாத பேரு.”

பலகையோடு பெயர்மாற்றம் முடிந்துவிடுவதில்லை. மாஸ்டர் சொல்லி அனுப்பியதன் பேரில், மந்தைவெளியில் ஒரு மாடியில் இயங்கும் கிராஃபிக்ஸ் கூடத்துக்கு மறுநாள் சென்றேன். குளிரூட்டப்பட்ட இருண்ட அறை, நான்கு பேர், அவர்களுக்குத் தலைவியாக முப்பது வயதுப் பெண்மணி ஒருவர். கைமாறிய அலைவரிசைக்கு மும்பையிலிருந்து ‘டெம்ப்ளேட்’ வருகிறது. நிறம், அசைவு, பெயர் தோன்றும் பட்டை, நிகழ்ச்சி முடிவில் வரும் அட்டை எல்லாமே அதில் அளவோடு விதிக்கப்பட்டிருக்கும். அவை ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் அளந்து தைத்த சட்டைகள். தமிழுக்கோ அகலமும் அதிகம், உயரமும் அதிகம். ‘ளி’யின் மேல் வளைவும் ‘ழு’வின் கீழ்ச் சுழியும் ஒரே சொல்லில் வந்துவிட்டால் பட்டை ஒரு புறத்தை வெட்டியே தீரும். “தயாரிப்பு நிர்வாகம்னு போட்டா கோடு தாண்டிடுது சார். எழுத்தைச் சின்னதாக்கச் சொல்றாங்க. சின்னதாக்கினா வீட்ல உட்கார்ந்து பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்ட அவர், ஒவ்வொரு பட்டையையும் ஓரிரு இழை உயர்த்துவதற்காக மும்பைக்கு எத்தனையோ முறை எழுதியிருக்கிறார், பாதிக்கு இசைவு கிடைத்திருக்கிறது.

திரையின் மூலையில் எந்நேரமும் நிற்கிற முத்திரையைப் பற்றி அவர் விளக்கியதில் ஒரு விசேஷம் உண்டு. பழைய முறைத் தொலைக்காட்சியில் 625 கிடைக்கோடுகள். அவற்றில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறையுமாக, வினாடிக்கு 50 முறை மாறி மாறி வரையப்படும். ஒரு கோட்டளவே பருமனுள்ள எழுத்துக் கீற்று ஒரு முறை தோன்றி மறுமுறை மறைவதால் கண்ணுக்கு நடுங்கும். தமிழில் படுகிடையான கீற்றுகள் பல. அவற்றின் மேல் புள்ளி வேறு. ஆகவே அக்காலத்து வடிவமைப்பாளர்கள் புள்ளியைப் பிரமாணத்துக்கு மேல் பருமனாக்கி வைத்தார்கள். திரைகள் துல்லியமாகிவிட்ட இந்தக் காலத்திலும் அந்தப் பெண்மணி தம் ஆசிரியரிடம் கற்ற அந்தப் பருத்த புள்ளியையே வைக்கிறார். கைப்பேசியில் பார்க்கும் போது அது திரும்பவும் பயன்படுகிறதாம்.

அடுத்த அறையில் நிருபர்களின் மைக்கில் மாட்டும் சதுரப் பெட்டிகளுக்கு வினைல் ஒட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன். இயந்திரம் எழுத்தின் விளிம்பை மட்டும் கீறித் தந்துவிடும். வேண்டாத பகுதியைக் கையால் உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும் வேகத்தில் புள்ளி குப்பையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆதலால் ஒவ்வொரு புள்ளி வரும் போதும் அவன் உரிப்பதை நிறுத்தி, இடது கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பிடித்து, வலக்கையால் சுற்றியிருக்கும் தாளை மெதுவாக விலக்கினான். பெட்டிக்கு நான்கு பக்கம், அன்றைக்கு நாற்பது பெட்டி. அந்த நகம் தேய்ந்து வெளிறியிருந்தது.

மூன்று நாள் கழித்து, இரவு பத்தரை மணிக்குப் பலகை ஏற்றுகிறோம் என்று மாஸ்டர் தொலைபேசியில் சொன்னார். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் போக்குவரத்து ஓய்ந்திருந்தது. பழைய பலகையை முன்னமே இறக்கிவிட்டிருந்தார்கள்; அது சுவரோரம் முகம் திருப்பி நின்றது. அது இருந்த இடத்தில் சுவரின் நிறம் மங்காமல், பழைய பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் வெளிறிய சாயலாக அப்படியே தெரிந்தன. அந்தச் சாயலின்மேல் புதிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உள்ள அரசு விதி தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்று 5:3:2 விகிதம் கேட்கிறது. ஆகவே தமிழ் மேலே, பெரிதாக. எழுத்துகள் ஏறி முடிய ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. காவலாளி தேநீர் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

கடைசியில் புள்ளிகள். மாஸ்டர் பையன்களை ஏற விடவில்லை. முழங்கால் வலியோடு தாமே ஏணியில் ஏறினார். என் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்திருந்தார்கள். முதல் நான்கும் துளையில் சரியாக உட்கார்ந்தன. ஐந்தாவதற்கு, பழைய பலகையின் ஆணித் துளை அருகில் இருந்தபடியால், இடம் இழுத்தது. அவர் ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, மறுகையால் புள்ளியைத் தாங்கியபடி கீழே பார்த்தார்.

“சார், அங்கேருந்து பாத்துச் சொல்லுங்க. நடுவுல இருக்கா?”

நான் தெருவின் எதிர்ப்பக்கம் வரை பின்னால் நடந்து, தலை நிமிர்ந்து பார்த்தேன்.

“இன்னும் நூல் அளவு வலப்பக்கம், மாஸ்டர்.”

அவர் நகர்த்தினார்.