நீல இருக்கை

சென்ற மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தாடையெலும்பு முறிந்த என் முன்னாள் மாணவனைக் காணச் சென்றேன். டைட்டேனியத் தகடுகளால் எலும்பை இணைத்து, மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்திருந்தனர். கஞ்சித் தண்ணீரே உணவு. வீங்கிய முகத்தைக் கண்டதும் என் பார்வை சன்னலுக்குத் தாவியது. அவன் காகிதத்தில் எழுதி நீட்டினான்: "ஐயா, என்னைப் பார்த்துப் பேசுங்கள்."

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் நகரில் 1917 முதல் மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் அறுவைச் சிகிச்சை அளித்தார். அவர்கள் அமரும் சாலையோர இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தனர்; ஊரார் கண்டு அதிராதிருக்க முன்னெச்சரிக்கையாம். என் மாணவனின் கட்டிலையும் நான் அத்தகைய இருக்கையாக்கிவிட்டேனே!

வெட்கத்துடன் நாற்காலியை அவன் முகத்துக்கு நேரே நகர்த்தி அமர்ந்தேன். நண்பர்களே, எலும்பை மருத்துவர் சேர்ப்பார். எஞ்சிய மருத்துவம் நம் கண்களில் உள்ளது.