பரட்டையா, சுருட்டையா?

முடிக்கு நம்மாளுங்க வச்சிருக்கிற பேரைப் பாருங்க. நேரா விழுந்தா கோரை முடி. சுருண்டா சுருட்டை. அடங்காம நின்னா பரட்டை. 1977-ல வந்த '16 வயதினிலே'யில ரஜினிக்குப் பேரே பரட்டைதான், அவர் வில்லன் வேற. "சுருட்டை முடி சோறு போடும்"னு சொல்ற பாட்டிதான் அடுத்த நிமிஷமே பேன் சீப்போட வந்து நிப்பாங்க. என்னைக் கேட்டா சுருட்டையும் பரட்டையும் ரெண்டு ஜாதி முடி இல்லை. ஒரே தலைதான். நசரத்பேட்டையில பஸ் ஏறும்போது சுருட்டையா இருக்கும், பூந்தமல்லியில இறங்கும்போது பரட்டை ஆயிருக்கும்.

இதை இப்ப எழுதக் காரணம் என் சித்தி பொண்ணு. வயசு 12. பள்ளிக்கூடத்துல ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டணும், நெத்தியில ஒரு முடி பறக்கக்கூடாது. டைரியில ரெண்டு தடவை எழுதி அனுப்பிட்டாங்க. கிளாஸ்ல பட்டப்பேரு 'நூடுல்ஸ்'. வெறுத்துப்போய், பெரிய லீவுல பார்லர் போய் "பெர்மனென்ட் ஸ்ட்ரெயிட்டனிங்" பண்ணிக்கிறேன்னு ஒரே அடம். சித்தியும் பணத்தை எடுத்து வச்சாச்சு. விசாரிச்ச இடத்துல சொன்ன ரேட் 5000 ரூபாய்.

காமர்ஸ் படிக்கிறவ கண்ணுக்கு அந்த 'பெர்மனென்ட்'தான் முதல்ல உறுத்துச்சு. முடிங்கிறது கெரட்டின்கிற புரதம். அதுக்குள்ள கந்தகப் பிணைப்புகள் இருக்கு. பார்லர்ல பூசற மருந்து அதை உடைச்சு, முடியை நேராக்கி, திரும்ப ஒட்ட வைக்குது. ஆனா முடி எப்படி வளரணும்னு முடிவு பண்றது தோலுக்குள்ள இருக்கிற வேர்க்குழி. அது வளைஞ்சிருந்தா சுருட்டை வரும், நேரா இருந்தா கோரை வரும். பார்லர் மருந்து அங்க ஒண்ணும் பண்றதில்லை. முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும். ஆறு மாசத்துல ஆறு செ.மீ. சுருட்டை, அதுக்குக் கீழே கோரை. திரும்ப 5000. கணக்குப்புத்தகத்துல இதை மூலதனச் செலவுன்னு எழுதினா எங்க சார் சிவப்பு மையில சுழிச்சிடுவார். இது வாடகை மாதிரி, கட்டிக்கிட்டே இருக்கணும். :)

கெரட்டின் ட்ரீட்மெண்ட்னு ஒண்ணும் ஓடுது. அந்த வகை மருந்து சிலதுல ஃபார்மால்டிஹைடு ஆவி வருதுன்னு அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-லயே எச்சரிக்கை விட்டிருக்கு. 12 வயசுப் பிள்ளை தலையில அது எதுக்கு?

சரி, வேண்டாம்னு சொல்றது சுலபம், மாத்து வழி சொல்லணும் இல்லையா? ஞாயித்துக்கிழமை அவளை உட்கார வச்சேன்.

முதல்ல அவ முடி என்ன ரகம்? ஓப்ரா வின்ஃப்ரேயோட சிகை அலங்காரக்காரர் ஆண்ட்ரே வாக்கர் போட்ட கணக்குதான் இன்னைக்கு ஊரெல்லாம் ஓடுது. 1 நேர், 2 அலை, 3 சுருள், 4 நெருக்கச் சுருள், ஒவ்வொண்ணுக்கும் ஏ, பி, சி. (நம்ம நிகண்டுக்காரங்களும் கூந்தலை 'ஐம்பால்'னு முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள்னு அஞ்சா பிரிச்சிருக்காங்க. ஆனா அது முடியைப் புனையற விதம், பிறவி ரகம் இல்லை.) அவளுக்கு மேல 2சி, பிடரியில 3ஏ. ஒரே தலையில ரெண்டு ரகம் இருக்கிறது சாதாரணம்தான். அதனால நம்பரைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம்.

தொங்க வேண்டியது ஈரத்தை. மண்டையில ஊறுற எண்ணெய் கோரை முடியில சறுக்கிக்கிட்டு நுனிக்குப் போயிடும். சுருட்டையில ஒவ்வொரு வளைவிலயும் நின்னு நின்னு, நுனி வரைக்கும் போறதில்லை. அதான் நுனி எப்பவும் வறட்டி மாதிரி. அதுக்கு மேல காய்ஞ்ச முடியில சீப்பைப் போட்டா சுருள் பிரிஞ்சு பஞ்சாயிடும். பரட்டைக்கு முக்காவாசிக் காரணம் இதுதான். இங்கேதான் சித்தியோட சண்டை. "சீவாம எப்படிடி பள்ளிக்கூடம் அனுப்பறது?" சீவலாம் சித்தி, ஈரத்துல, அகலப் பல் சீப்பால, நுனியில ஆரம்பிச்சு மேல வாங்க.

எங்க தண்ணி இன்னொரு எதிரி. மெட்ராஸுக்கே குடிக்கக் குடுக்கிற செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலயே கிடக்கு, எங்க தெருவுக்கு போர் தண்ணிதான். ஹீட்டர் கம்பியில சுண்ணாம்பு ஏறுது, தலையில ஏறாதா? கடின நீர்ல சோப்புப் போட்டா பிசுக்குதான் மிஞ்சும். அதனால கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணி. மழை நாள்ல மொட்டைமாடியில பிடிச்ச தண்ணி.

எண்ணெய் விஷயத்துல அம்மா கட்சி ஜெயிச்சிடுச்சு. குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் வச்சா முடியோட புரதம் கழுவிப் போறது குறையுதுன்னு 2003-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ரெண்டுக்கும் அந்த குணம் இல்லை. (ஆய்வு பண்ணினவங்க பாராசூட் விக்கிற மாரிகோ கம்பெனிக்காரங்கங்கிறதையும் சொல்லிடறேன்.) அப்புறம் வெந்தயம் ஊறின வழவழப்புத் தண்ணி, செம்பருத்தி இலைச் சாறு. அந்த வழுக்கல்தான் சிக்கு எடுக்க உதவுது. துவட்ட டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டால ஒத்தி எடுத்தா போதும். தலையணைக்கு சித்தியோட கிழிஞ்ச பட்டுப்புடவையில ஒரு உறை தைச்சோம். மொத்தச் செலவு அகலப் பல் சீப்பு ஒண்ணு, 40 ரூபாய்.

ரெட்டை ஜடை? ஈரம் பாதி இருக்கும்போதே வெந்தயத் தண்ணி தடவிப் பின்னிட்டா, காயும்போது எப்படி இருக்கோ அப்படியே நிக்கும். தண்ணியில அவிழ்ற சின்னப் பிணைப்புகள் காயும்போது திரும்பக் கட்டிக்குது, அவ்ளோதான் சூட்சுமம். மழைக்காத்து அடிச்சா நெத்தியில ரெண்டு சுருள் எழும்பத்தான் செய்யும், அதுக்கு வெந்தயமும் பொறுப்பில்லை, பிள்ளையும் பொறுப்பில்லை. டைரியில மூணாவது தடவை எழுதினா சித்தி நேர்லயே போய்ப் பேசறதா சொல்லியிருக்காங்க.

'நூடுல்ஸ்' இன்னும் நிக்கலை. ஆனா போன வாரம் 'பிரேமம்' படத்துல அனுபமா பரமேஸ்வரன் முடியைப் பார்த்துட்டு, ஜடையைப் பிரிச்சுப்போட்டு கண்ணாடி முன்னாடி அரை மணி நேரம் நின்னா. 5000 ரூபாய் சித்தி பீரோவுலதான் இருக்கு. அதுல சைக்கிள் வாங்கலாமான்னு இப்ப புதுசா ஒரு அடம்.