பாடு

சென்னைக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காட்டில், ஓர் அமாவாசைக் காலையில் ஏரிக்கரையில் நின்றோம். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கத்திலிருந்து கடலை இழுக்கும் தினமாதலால் ஓதம் அதிகம். முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏரிக்குள் புகுந்தது. அதனுடன் மடவை மீன்களும் வந்தன. இடுப்பளவு நீரில் நின்ற பெரியவர் ஒருவர் வீச்சு வலையைச் சுழற்றி எறிந்தார். வட்டமாய் விரிந்து விழுந்த வலையில் 7 மடவைகள் துள்ளின.

"முகத்துவாரத்தண்டை இறால் ஏராளமாமே; அங்கே போகலாகாதா?" என்று வினவினோம்.

"எங்களுக்கு அங்கே பாடு இல்லைங்க, ஐயா" என்று கூறி வலையை உதறினார்.

இறால் வலை கட்டத் தகுந்த இடங்களைச் சில கிராமத்து மீனவர்கள் தங்களுக்குள் முறை வகுத்து அனுபவிக்கிறார்கள். அம்முறைக்குத்தான் 'பாடு' என்று பெயர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதைப் பிறருக்கு விட வேண்டும். வழக்கத்தின் வலிமையாலேயே நடந்துவரும் இந்த நீதி மெச்சத் தக்கதுதான். ஆனால், அம்முறைக்குள் சேராதவர்களும் அதே ஏரியை நம்பித்தானே பிழைக்கிறார்கள்?

பாடு என்ற சொல்லுக்குத் தமிழில் கஷ்டம் என்றும் பொருள் உண்டு. ஓதம் யாவருக்கும் பொதுவாகவே ஏறுகிறது. சிலருக்குக் கிடைப்பது முதற் பொருள், சிலருக்கு இரண்டாவது!