வண்டிக்கு முன் வழியைப் பாருங்கள்



படிப்பை முடித்து வேலைக்குச் செல்லத் தொடங்கிய மகன் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருக்கிறாரா? அப்படியானால், "மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும்" என்னும் பேச்சும் உங்கள் வீட்டில் ஒருமுறையேனும் எழுந்திருக்கும். வாங்கலாமா, வேண்டாமா என்று உம்மாவும் வாப்பாவும் நாட்கணக்கில் பேசுவார்கள். ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்பதை மட்டும் அந்தப் பிள்ளையின் நண்பர்களும், கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் வண்ணமும் முடிவு செய்துவிடும்.

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் குடும்பத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. என் லாத்தாவின் மகனுக்கு 23 வயது. கீழக்கரையில் வீடு, இராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நாள்தோறும் பேருந்தில் போய் வந்தவர், 350 சி.சி. வண்டி ஒன்றின் மேல் மனத்தை வைத்துவிட்டார். துபாயில் இருக்கும் மச்சானோ, "பிள்ளை எதைக் கேட்கிறானோ அதையே வாங்கிக் கொடுங்கள், பணத்தை நான் அனுப்புகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். லாத்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் காரணத்தை நான் அறிவேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மருமகனிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "நாளை ஞாயிற்றுக்கிழமை. உன் நண்பரின் 350 சி.சி. வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள். நான் என் பழைய 100 சி.சி. வண்டியில் வருகிறேன். அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவோம். எந்த வண்டி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. சாலையே சொல்லட்டும்."

மருமகன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

தெருவில் தொடங்கிய பாடம்

வள்ளல் சீதக்காதியின் ஊராகிய கீழக்கரையின் உள்தெருக்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்ணைக்கும் எதிர்த் திண்ணைக்கும் இடையே இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடந்தால் முழங்கை உரசும். அதிகாலையில் மருமகன் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்ப முயன்றார். 195 கிலோ எடையுள்ள அந்த வண்டியை முன்னும் பின்னுமாக நான்கு முறை தள்ளித்தான் திருப்ப முடிந்தது. 112 கிலோ எடையுள்ள என் வண்டி ஒரே வீச்சில் திரும்பியது.

வண்டியின் எடையை ஓடும்போது நாம் உணர்வதில்லை. நிறுத்தும்போதும், தள்ளும்போதும், மெல்ல வளைக்கும்போதும்தான் அது நம் கால்களில் வந்து இறங்குகிறது. ஆகவே வண்டி வாங்கச் செல்லும்போது முதலில் செய்ய வேண்டியது, இயந்திரத்தை முடுக்குவதன்று. இருக்கையில் அமர்ந்து இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிப் பார்ப்பதாகும். குதிகால் தரையைத் தொடாமல் விரல் நுனியில் நிற்க வேண்டியிருந்தால், நெரிசலில் ஒருநாள் அந்த வண்டி உங்களைச் சாய்த்துவிடும்.

ஊரைத் தாண்டி இராமநாதபுரம் செல்லும் 17 கிலோமீட்டர் சாலையில், சீமைக் கருவேல மரங்கள் இருபுறமும் அடர்ந்து நிற்கின்றன. திருப்புல்லாணியை அடுத்து ஆட்டு மந்தை ஒன்று கருவேலங்காட்டிலிருந்து திடீரெனச் சாலையில் ஏறியது. இருவரும் பிரேக்கை அழுத்தி நின்றோம்.

மந்தை கடந்து போகும்வரை மருமகனுக்கு ஒரு கணக்கைச் சொன்னேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். ஆட்டைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள்ளாகவே ஏறக்குறைய ஒரு வினாடி போய்விடுகிறது. அதன்பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது! எவ்வளவு விரைவில் ஓடும் என்று கேட்டு வண்டி வாங்குகிறோம். எவ்வளவு விரைவில் நிற்கும் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவசரத்தில் பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கிறது. அது முன்சக்கரத்திற்கு மட்டுமா, இரண்டு சக்கரங்களுக்குமா என்பதைக் கடையில் கேட்டறிவது உங்கள் உரிமை.

பாலத்தின் மேல் நான் கற்றது

இராமநாதபுரத்தில் பசியாறிவிட்டு, உச்சிப்புளி வழியாக மண்டபத்தை அடைந்தோம். இதுவரை என் வண்டியே வென்றது என்ற சிறு பெருமை எனக்குள் இருந்தது. பாம்பன் பாலம் அதைத் தணித்தது.

1988இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்கும் அதிகம். பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம். கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலே உயரும் வகையில் கட்டப்பட்டது. 1914 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தின் பணியை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். ஆனால் இவற்றையெல்லாம் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து மோதியது. என் இலேசான வண்டி அரை அடி இடப்புறம் ஒதுங்கியது. காற்றுக்கு எதிராகச் சற்றே சாய்ந்து ஓட்டினேன். எதிரே ஒரு பேருந்து வந்தது. அது காற்றை மறைத்த அந்த ஒரு கணம், சாய்ந்திருந்த நான் பேருந்தின் பக்கமே இழுக்கப்பட்டேன்; அது கடந்ததும் காற்று மீண்டும் ஓங்கி அறைந்தது. எனக்கு முன்னால் மருமகனின் வண்டியோ நேர்கோடு கிழித்தாற்போல் சென்றுகொண்டிருந்தது.

பாலத்தின் மறுகரையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். "என்ன மாமா, சாலை என்ன சொல்கிறது?" என்றார்.

"உன் பக்கம்தான் சொல்கிறது" என்று ஒப்புக்கொண்டேன். உண்மையை மறைப்பானேன்? நெடுஞ்சாலையில், பலத்த காற்றில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவதென்றால் 100 சி.சி. இயந்திரம் திணறத்தான் செய்கிறது. முந்திச் செல்ல வேண்டிய இடத்தில் முந்த முடியாமல் லாரியின் பக்கவாட்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். சிறிய வண்டி எப்போதும் பாதுகாப்பானது என்று நாமாக எண்ணிக்கொள்வது தவறு.

மணலில் சாய்ந்த வண்டி

இராமேசுவரத்துக்கு முன்னால் பேய்க்கரும்பில், 2015இல் மறைந்த அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தில் சற்று நின்றுவிட்டு, தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் அது. தேவாலயத்தின் இடிந்த சுவர்களும், ரயில் நிலையத்தின் எஞ்சிய பகுதிகளும் மணலில் நிற்கின்றன. ஒரு காலத்தில் மணலில் ஓடும் வேன்களில்தான் இங்கு வர முடியும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு, எல்லா வண்டிகளும் வருகின்றன. ஒரு பக்கம் அமைதியான கடல். அதைப் பெண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் அலை மோதும் ஆண் கடல்.

இந்தச் சாலையின் அழகில் மயங்கி வேகமெடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காற்று ஓயாமல் மணலை வாரிக் கொண்டுவந்து தாரின் மேல் பரப்புகிறது. மணல் படிந்த இடத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். மணலைத் தொடுவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை நேராக வைத்து, அதைக் கடக்க வேண்டும்.

அரிச்சல்முனையில், சாலையோர மணலில் மருமகன் வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நான்கு அடி நடந்திருப்பார். ஸ்டாண்டு மணலில் புதைந்து வண்டி மெல்லச் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்க அவர் ஒருவரால் முடியவில்லை. நானும் சேர்ந்து, வழியில் போன ஒரு மீனவச் சகோதரரும் கைகொடுத்த பிறகே நிமிர்ந்தது. ஸ்டாண்டின் அடியில் தட்டையான கல் ஒன்றை வைத்துவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மாமா, உம்மா ஏன் யாருடைய மோட்டார் சைக்கிளிலும் ஏறுவதில்லை? ஆட்டோ கிடைக்காத நாளில் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறார்களே?"

இத்தனை ஆண்டுகளாக வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான்.

1996இல் எனக்கு 22 வயது. டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பின்சக்கரத்தின் இடப்பக்கம், சாரி கார்டு என்று மெக்கானிக்குகள் சொல்லும் கம்பி வலை ஒன்று இருந்தது. அது வண்டியைக் குடும்பஸ்தரின் வண்டியாகக் காட்டுகிறது என்று எண்ணி, நானே ஸ்பானரை எடுத்துக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டேன். மறு மாதம் லாத்தாவைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, சுகமில்லாத பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். காற்றில் பறந்த துப்பட்டியின் முனையைச் சக்கரம் பிடித்து இழுத்தது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் லாத்தா சாலையில் கிடந்தார். இடது முழங்கை உடைந்தது. இன்றும் அந்தக் கை முழுமையாக நீளாது.

"உம்மா உங்களைக் கோபித்துக்கொள்ளவில்லையா?"

"ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதன்பின் வண்டியில் ஏறவுமில்லை."

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில் அந்தப் பெரிய வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தை அவர் தாண்டவில்லை.

நாம் எடுத்த முடிவு

அன்று இரவு இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அவர் ஓட்டப்போவது எங்கே? ஆண்டில் ஓரிரு முறை அரிச்சல்முனை. ஏனைய நாட்களில் கீழக்கரைத் தெருவும் இராமநாதபுரம் சாலையும். நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள் என்றால் 850 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் 24 லிட்டர் பெட்ரோல் வேண்டும்; 60 தரும் வண்டிக்கு 14 லிட்டர் போதும். பின்னால் அமரப்போவது யார்? அந்த இடத்தில் "உம்மா" என்று அவரே எழுதினார்.

முடிவில் அவர் வாங்கியது 350 சி.சி.யும் அன்று, நான் மனத்தில் வைத்திருந்த 100 சி.சி.யும் அன்று. 160 சி.சி. அளவில், 140 கிலோ எடையில், நீண்ட சமமான இருக்கையும், ஏ.பி.எஸ். பிரேக்கும், முழுவதும் மூடிய சங்கிலியும் கொண்ட ஒரு வண்டி. காற்றிலும் நிற்கும், தெருவிலும் திரும்பும்.

வாசகர்களே! உங்கள் பிள்ளைக்கு வேறொரு வண்டி பொருந்தலாம். மலைப்பாதையில் வாழ்பவருக்குக் குறைந்த வேகத்திலும் இழுவை குறையாத இயந்திரம் தேவை. கரடுமுரடான மண் சாலையில் போகிறவருக்குத் தரையிலிருந்து உயர்ந்த அடிப்பகுதியும் நல்ல ஷாக் அப்சார்பரும் தேவை. நாளெல்லாம் சரக்கு ஏற்றுபவருக்கு எளிய, உறுதியான வண்டியே நலம். ஆகவே கடைக்குள் நுழையும் முன், அவர் போகும் வழியில் அவரோடு ஒருமுறை போய் வாருங்கள். எந்தச் சாலை, எத்தனை தூரம், பின்னால் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்கள் அமரும் வண்டியானால் இன்னும் சில உண்டு. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் தாங்கியும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. அழகுக்காக அவற்றைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். இரு பக்கமும் கால் போட்டு அமர்வதே நிலையானது. துப்பட்டியையும் பர்தாவின் ஓரத்தையும் மடியில் செருகிக்கொண்ட பின்னரே வண்டி நகர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். சட்டமும் இருவருக்குமே சொல்கிறது. கடலோர ஊராயின், உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

புது வண்டி வாசலுக்கு வந்த அன்று லாத்தா வெளியே வந்து பார்த்தார். வண்ணத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, பின்சக்கரத்தின் காப்புக் கம்பியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இது நல்ல வண்டிதான்" என்றார்.

அன்று அவர் ஏறவில்லை. மூன்று வாரம் கழித்து, கண் பரிசோதனைக்கு இராமநாதபுரம் போக வேண்டியிருந்தபோது, மகனிடம் இரண்டாவது தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டு ஏறினார் என்று கேள்விப்பட்டேன்.