காய்ந்த களிமண்ணில் ஒரு கோடு

சிதம்பரத்தில் சிவில் படித்த காலத்திலிருந்தே மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகியின் கணக்கு எனக்குப் பிடிக்கும். 1920-களில் அவர் வெளியிட்டது. நீர் ஊறிய களிமண்மேல் பாரம் ஏறினால், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேற வெளியேறத்தான் மண் அமுங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். எத்தனை வருஷத்தில் என்பதுதான் ஆளைத் தூங்கவிடாது.

கடலூருக்கு அப்பால், கடலடியில் ஒரு கான்கிரீட் பெட்டியை உட்கார வைக்கும் வேலை. மேலும் கீழும் மணல், நடுவே 8 மீட்டர் களிமண். மண்ணை அமுக்கிப் பார்க்கும் ஈடோமீட்டர் கருவியின் அளவுகளைப் போட்டால், இறக்கத்தில் பெரும்பகுதி முடிய 12 வருஷம் என்று வந்தது. பெட்டியோடு குழாய் இணைகிறது. அத்தனை காலம் இறங்கினால் இணைப்பு தாங்காது.

லேபில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர், மிச்சமிருந்த மண் மாதிரிகளைக் காட்டி, "தம்பி, எல்லாத்தையும் மெஷின்ல ஏத்திடாதீங்க. ஒண்ண நெடுக்கப் பொளந்து நிழல்ல காயப் போடுங்க" என்றார். ஈரத்தில் ஒரே கருஞ்சாம்பலாக இருந்த மண், மறுநாள் நடுவில் ஒரு வெளிறிய கோட்டைக் காட்டியது. நகத்தால் கீறினேன், பொடிமணல் உதிர்ந்தது. சோதனைக்கு வெட்டும் வில்லை 2 சென்டிமீட்டர் கனம்தான். அதில் இந்தக் கோடு சிக்கவே இல்லை.

கெடிலமும் பெண்ணையாறும் வெள்ளாறும் வெள்ளத்தில் மணலையும் மற்ற நாளில் வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும் கரை இது. அந்த மணல் களிமண்ணின் நடுவே பெட்டியின் அடி முழுக்க ஓடினால், தண்ணீர் வெளியேறக் கடக்கும் தூரம் 4 மீட்டரிலிருந்து 2 ஆகும். காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 வருஷம் 3 ஆகிவிடும். திட்டுத்திட்டாக இருந்தால் 12-க்குப் பக்கத்திலேயே நிற்கும். மொத்த இறக்கம் இரண்டிலும் ஒன்றே.

எனக்குப் பயம் வந்தது. மேலே இருப்பவர்கள் கேட்பது ஒற்றை எண். இரண்டு சொன்னால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களே! ஜப்பானின் கன்சாய் விமான நிலையம்தான் தைரியம் தந்தது. கடலைத் தூர்த்து எழுப்பி, 1994-இல் திறந்த தீவு அது. தீவு இறங்கும் என்று தெரிந்தே, முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சரிசெய்ய வழிவைத்துக் கட்டினார்கள்.

அறிக்கையில் 3 முதல் 12 வருஷம் என்றே எழுதினேன். பெட்டியின் நான்கு மூலையிலும் கூம்பு முனையை மண்ணில் அழுத்தி இறக்கும் கோன் சோதனை செய்து அந்த மணல் எதுவரை ஓடுகிறது என்று பார்க்கவும், குழாய் இணைப்பை வளைந்து கொடுக்கும்படி மாற்றவும் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.