கல்லில் எழுதாத சொல்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பகுதி அல்சாஸ். வோஷ் மலைகளின் அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் ‘வைன் பாதை’ அங்கே பிரபலம். 1953இல் திறந்தார்கள். வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கித் தெற்கே தான் வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டர் (ஊரின் பெயரே ‘தான்’தான்). அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே சைக்கிளுக்கென்று ஒரு வழித்தடமும் போட்டிருக்கிறார்கள். பாதி இடங்களில் அது தோட்டத்து டிராக்டர்கள் போய்வரும் பாதையேதான். ஊரிலிருந்து ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். ஒரு தேவாலயக் கோபுரம் பின்னால் மறைவதற்குள் அடுத்தது எதிரே எழுந்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் அந்த வழியில் மிதித்தேன். அறுவடைக் காலம். பழம் ஏற்றிய டிராக்டர்கள் பின்னால் உறுமிக்கொண்டு வந்தால் ஓரங்கட்டி நிற்க வேண்டும். சாறு சொட்டிச் சொட்டித் தார் ரோடே பிசுபிசுத்துப்போயிருந்தது. குளவிகள் வேறு. மேடுகள் நீளமானவை இல்லை. ஆனால் திடீரென்று முகத்துக்கு நேராக எழும்பும், கியர் மாற்றுவதற்குள் மூச்சு போய்விடும். கொடிகள் மேட்டிலும் பள்ளத்திலும் நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் போகின்றன. பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘நிரை’ என்ற சொல் தானாக வாயில் வந்துவிடும். எனக்கும் வந்தது.

வைனைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான், ஆனால் குடித்தது கொஞ்சம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற பிரெஞ்சு வரம்பு சைக்கிள்காரனுக்கும் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரான்சின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் ஊரின் பெயரைத்தான் போத்தலில் பெரிதாகப் போடுவார்கள். அல்சாஸில் ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்திராமினர், சில்வானர் என்று பழத்தின் பெயர். போத்தலும் ஜெர்மன் பாணியில் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். இது பிரெஞ்சு வைனா ஜெர்மன் வைனா என்ற குழப்பம் கடை அலமாரியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டாம் நாள் ரிக்விர். சுற்றுலாப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஊர் அதுதான். மரச்சட்டம் போட்ட பதினாறாம் நூற்றாண்டு வீடுகள், மஞ்சளும் நீலமும் செங்காவியுமாகச் சுவர்கள், சன்னலுக்குச் சன்னல் ஜெரேனியம் பூக்கள். கூட்டம் தாங்காது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. பக்கத்திலேயே ஹுனாவிர். கோட்டை மதிலுக்குள் ஒரு தேவாலயம், கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்டன்டுகளும் முந்நூறு வருடங்களுக்கு மேலாக முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. எல்லாம் அழகு. கொஞ்சம் அதிகப்படியான அழகு என்றுகூடப் பட்டது, எனக்கு இந்த மாதிரி ஊர்களில் சீக்கிரம் சலித்துவிடும்.

அங்கிருந்து இறங்கிக் கால் மணி நேரத்தில் பென்விர். திடீரென்று ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது. ஐம்பதுகளில் கட்டிய நேர்நேரான வீடுகள், அகலமான தெரு, ஒரு பக்கச் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி வைத்த நவீனத் தேவாலயம். காரில் வருகிறவர்கள் இங்கே பிரேக்கைத் தொடுவதுகூட இல்லை. 1944 டிசம்பரில், ‘கொல்மார் வளைப்பு’ என்று சொல்லப்படும் சண்டையில் இந்த ஊர் ஏறக்குறைய தரைமட்டமானது. அடுத்திருக்கும் சிகோல்ஷைமும் அப்படியே. கொஞ்சம் தள்ளியுள்ள அமர்ஷ்விரில் பழைய நகர மன்றத்தின் சிதைந்த முகப்பை மட்டும் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரிக்விர் தப்பித்தது. பீரங்கிகள் எந்தப் பக்கம் திரும்பி நின்றன என்பதுதான் இன்று எந்த ஊருக்கு டூரிஸ்ட் பஸ் வருகிறது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. சைக்கிளில் போனால் இந்த அழகில்லாத ஊர்களைத் தாண்டிக் குதிக்க முடியாது, மிதித்துத்தான் கடக்க வேண்டும். இந்தப் பாதையை சைக்கிளில் போகச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் முதல் காரணம் இதுதான்.

சிகோல்ஷைமுக்கு மேலே உள்ள குன்றுக்கு ரத்தக் குன்று என்று பெயர். ஏறினேன் (கடைசி இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு). உச்சியில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பிரெஞ்சு முதலாம் படையின் கல்லறைத் தோட்டம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். வட ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட முஸ்லிம் வீரர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கற்கள் வேறு வடிவம், மக்காவை நோக்கிய வேறு திசை. அவர்கள் கல்லில் ‘பிரான்சுக்காக இறந்தவர்’ என்று இருக்கிறது. கீழே ஊருக்குள் இருக்கும் கல்லில் அந்தச் சொல்லைக் காணோம்.

இது முதல் நாளிலிருந்தே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. பிரான்சில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கும், அதில் பெரும்பாலும் ‘பிரான்சுக்காக’ என்று இருக்கும். அல்சாஸ் கிராமங்களில் பெரும்பாலும் ‘எங்கள் இறந்தவர்களுக்கு’ என்பதோடு நின்றுவிடும். யாருக்காக என்று இல்லை. எழுத முடியாது, அதுதான் விஷயம். 1871இல் ஜெர்மனி இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. 1914இல் போர் வந்தபோது இங்குள்ள ஆண்கள் ஜெர்மன் பிரஜைகள். அல்சாஸ்-லொரைனிலிருந்து சுமார் 3,80,000 பேர் ஜெர்மன் உடுப்பில் போனார்கள், ஏறக்குறைய 50,000 பேர் திரும்பவில்லை. 1918இல் ஊர் பிரான்சுக்கு வந்துவிட்டது. இறந்தவர்கள் மட்டும் தோற்ற நாட்டின் உடுப்பிலேயே தங்கிவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் 1936இல் வைத்த நினைவுச்சின்னத்தில் ஒரு தாய், இரண்டு மகன்களையும் மடியில் தாங்கியிருக்கிறாள். இருவருக்கும் உடுப்பே இல்லை. சிற்பிக்கு வேறு வழியும் இல்லை.

அன்று இரவு தங்கிய வீட்டில், வீட்டுக்காரம்மாவிடம் இதைக் கேட்டேன். எழுபது எண்பது வயது இருக்கும். மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். “எங்க கொள்ளுப்பாட்டி ஒரே வீட்ல பொறந்து அதே வீட்ல செத்தாங்க. அதுக்குள்ள நாலு தடவ நாடு மாறிட்டாங்க” என்றார். இந்த ஜோக்கை அல்சாஸில் எல்லோரும் சொல்வார்கள் போலிருக்கிறது, அவரும் பழகிய ஜோக்காகத்தான் சொன்னார். பிறகு லாச்சியைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். அவருடைய அப்பா, இருபது வயசுப் பையன், ஜெர்மன் ராணுவ உடுப்பில்.

1940இல் ஹிட்லரின் ஜெர்மனி அல்சாஸை மறுபடி எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு பேசத் தடை. பெரே தொப்பி போடக்கூடத் தடை. 1942 ஆகஸ்டில் கட்டாய ஆள்சேர்ப்பு. அல்சாஸிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேரைப் பிடித்துப் பெரும்பாலும் ரஷ்ய முனைக்கு அனுப்பினார்கள். ஓடிப்போனால் குடும்பத்தை நாடு கடத்துவார்கள். இவர்களுக்கு ‘மால்க்ரே நூ’ என்று பெயர், ‘எங்கள் விருப்பத்துக்கு மாறாக’ என்று அர்த்தம். பலர் சோவியத்தின் தம்போவ் முகாமில் கைதிகளாகக் கிடந்தார்கள். அந்த அப்பா 1945 கடைசியில் திரும்பி வந்தவர். “சுவத்துல மாட்டவும் முடியாது, கிழிச்சுப் போடவும் முடியாது” என்றார் அம்மா, படத்தைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தபடி. மகள் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் படமும் இல்லை. தாத்தாவின் அண்ணன் பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நேதாஜி படையில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர். வரவில்லை. “பட்டாளத்துக்குப் போனாரு” என்பார் பாட்டி. எந்தப் பட்டாளம்னு கேட்டா, “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று எழுந்து போய்விடுவார். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் வீடுகளும் அதே லயத்தில்தான் இருந்தன. ஜப்பான்காரனோடு சேர்ந்த படைக்குப் போனவரைப் பற்றி அந்த லயத்தில் என்ன சொல்லிவிட முடியும்? அந்தப் படைக்கு சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் வைத்தார். செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1995இல் வைத்த அடையாளம். பெரிய தாத்தாவின் சம்பவத்தில் கட்டாயம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. ‘எங்கள் இறந்தவர்’ என்பதற்கு மேல் எனக்கும் எழுத வராது.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் இன்னொன்று கவனித்தேன். அம்மா மகளிடம் அல்சாஸ் பேச்சில் பேசினார், மகள் பிரெஞ்சில் பதில் சொன்னார், பேத்தி நிமிரவே இல்லை. அல்சாஸ் பேச்சு ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. நாஜிகள் போன பிறகு அது எதிரியின் மொழி மாதிரி ஆகிவிட்டது. ‘பிரெஞ்சு பேசுவதே நாகரிகம்’ என்று போஸ்டர் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாய் தவறி ஊர்ப்பேச்சு வந்தால் தண்டனை. அம்மாவுக்கும் கிடைத்திருக்கிறது. உங்களுக்குப் பேச வருமா என்று மகளிடம் கேட்டேன். “புரியும், பேச வராது” என்றார். இந்த வாக்கியத்தை நான் ஈப்போவில் கேட்டிருக்கிறேன், ஈஷூனில் கேட்டிருக்கிறேன், தீபாவளி விருந்துகளில் வருடா வருடம் கேட்கிறேன். இப்போது பல ஊர்களில் தெருப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே அல்சாஸ் பெயரையும் போட்டிருக்கிறார்கள். பலகையில் ஏறியிருப்பது பேத்தி பேசாத மொழி.

மூன்றாம் நாள் நீளமானது. எகிஷைமில் வட்டவட்டமாகச் சுற்றும் தெருக்களில் ஒரு காப்பி, அப்புறம் எதிர்க்காற்று. தானுக்கு வந்து சேரும்போது மாலை. ஊருக்கு மேலே ரங்கன் என்ற எரிமலைப் பாறைச் சரிவு. அவ்வளவு செங்குத்தில் கொடி நட்டவர்களை நினைத்தாலே முழங்கால் வலித்தது. பாதை அங்கே முடிகிறது. சைக்கிளோடு ரயிலேறி முலூஸ் நகருக்குப் போனேன். அங்கே கடைத்தெருவுக்குப் பெயர் ‘ரூ த்யு சவாஜ்’, காட்டுமிராண்டித் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். 1940இல் ஜெர்மன்காரர்கள் வந்ததும் அதற்கு அடால்ஃப் ஹிட்லர் தெரு என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். இப்போது பழைய பெயர்தான். போன அன்று சப்பாத்துக் கடைகளில் மலிவு விற்பனை.